சாகாவைத் தின்ற துரு

படிவம் 5 மாணவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பேன். ஒரு காரில் துரு எங்கே முதலில் பிடிக்கும்? வெயிலும் மழையும் காற்றும் நேராகப் படும் கூரையிலா, காற்று சரியாக நுழையாத இடுக்கிலா? கிட்டத்தட்ட எல்லாரும் கூரைக்குத்தான் கை தூக்குவார்கள். காரணமும் சொல்வார்கள். "துருப் பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் சார். ரெண்டும் கூரையிலதான் அதிகம்." பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைகள். ஆனாலும் விடை தவறு. மூன்று ஆண்டுகளுக்கு முன், வேதியியல் கற்பிக்கும் ஆசிரியனாக இருந்துகொண்டே, நானும் அதே தவற்றைச் செய்தேன். அதை அப்பாவின் கார்மீது செய்தேன் என்பதுதான் வேதனை.

அப்பாவின் கார் 1987ஆம் ஆண்டுப் புரோட்டோன் சாகா. சிவப்பு நிறம், 1.3 லிட்டர் இயந்திரம். பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தபோது, 1995இல், கைமாற்றாக வாங்கினார். எனக்கு அப்போது 6 வயது. லயத்து வாசலில் அது வந்து நின்ற அன்று கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். தங்கை பிறந்தபோது அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அந்தக் கார்தான். வார இறுதியில் பூட் நிறையக் கட்டிப்பால் சுமந்ததும் அதேதான். "பேரே சாகா. அது எப்படிடா சாகும்?" என்பார் அப்பா.

நாட்டின் முதல் தேசியக் கார் அது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே என்ற ஜப்பானியக் காரை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாம் தொழிற்சாலையில் உருவாகி, 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. அடுத்த மாதம் 3ஆம் நாள் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்த அன்றைய பிரதமர் மகாதீர் முகமது, நம் அலோர் ஸ்டார்காரர், சிவப்பு நிறச் சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் சாகா கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. பழமையான வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பின் கணக்குப்படி 30 ஆண்டு கடந்த வண்டி வரலாற்று வாகனம். ஆக, நாம் சாலையில் "பழைய டப்பா" என்று கேலி செய்த கார் இப்போது கண்காட்சிக்குப் போகும் தகுதி பெற்றுவிட்டது.

இரண்டு நாளா, இரண்டு வாரமா?

நம் ஊர்ப்பக்கம் கார் கண்காட்சி பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்திலோ நகராண்மைத் திடலிலோ இருபது முப்பது பழைய கார்கள் போனட்டைத் திறந்துகொண்டு நிற்கும். மோரிஸ் மைனர், டாட்சன் 120ஒய், வோக்ஸ்வேகன், மினி என்று வரிசை நீளும். ஊர் அளவிலான காட்சிகளில் பெரும்பாலும் கண்ணுக்குப் பட்டதுதான் கணக்கு. பளபளப்பாக இருந்தால் கூட்டம் கூடும்.

சுங்கைப் பட்டாணியில் அப்படி ஒரு காட்சி வருகிறது என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. எதையும் வாய்விட்டுக் கேட்காத மனிதர். காரைத் தினமும் இரண்டு முறை துடைக்க ஆரம்பித்தார், நான் புரிந்துகொண்டேன். காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. இடப்பக்கப் பின்சக்கரத்தின் முன்னே, கதவுக்கு அடியில் ஓடும் தகரப் பெட்டியில், பெயிண்ட் ஐந்து சென் காசு அளவுக்குக் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். உள்ளே போயிற்று. பழுப்பு நிறத் தூள் கொட்டியது.

தகரம் தட்டும் பட்டறை அண்ணன் பார்த்துவிட்டு நேர்மையாகவே சொன்னார். "புட்டி வெச்சா ரெண்டு நாள். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டினா ரெண்டு வாரம். எது வேணும்னு நீயே சொல்லு தம்பி."

நான் இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்தேன். என் மனக்கணக்கு இதுதான்: துருவுக்கு ஆக்சிஜன் வேண்டும். புட்டி வைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் துரு நின்றுவிடும். எவ்வளவு ஒழுங்கான வாதம்! வகுப்பில் ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்ணாவது கொடுத்திருப்பேன்.

கார் கண்ணாடிபோல் மின்னியது. காட்சியில் அப்பாவுக்கு ஒரு சிறிய கோப்பையும் கிடைத்தது. இன்றும் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கைக்குட்டையில் சுற்றிய காந்தம்

அடுத்த ஆண்டு பட்டர்வொர்த் பக்கம் வட மாநிலங்களுக்கான காட்சிக்குப் போனோம். அங்கே கதை வேறு. நடுவர்கள் கையில் அட்டையுடன் வந்தார்கள். வெளிப்புறம், உட்புறம், இயந்திர அறை, அடிப்பாகம், அசல் உதிரிப்பாகங்கள் எனத் தனித்தனியாகப் புள்ளி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950 முதல் நடக்கும் பெப்பிள் பீச் காட்சி போன்ற பெரிய இடங்களிலும் இதே போக்குதான். அங்கே விளக்கும் ஹாரனும் வேலை செய்கின்றனவா என்றுகூடப் பார்ப்பார்கள். மீண்டும் பெயிண்ட் அடிக்காமல் அசலாகக் காப்பாற்றப்பட்ட கார்களுக்குத் தனிப் பிரிவே உண்டு.

எங்கள் காருக்கு வந்த நடுவர் வயதானவர். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிறு காந்தத்தை எடுத்தார். போனட்டில் வைத்தார், ஒட்டியது. கதவில் ஒட்டியது. கதவுக்கு அடியில் வைத்தார், நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. முகம் சுளிக்கவில்லை, திட்டவும் இல்லை. அட்டையில் ஏதோ குறித்துவிட்டு, "ஜாக் வைக்கும்போது பார்த்து வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

அந்தக் காந்தத்தில் இருக்கும் அறிவியல் எளிமையானது. புட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் டால்க் தூளும் கலந்தது. காந்தம் அதைச் சீண்டாது. அடியில் இரும்பு இருந்தாலும், இடைவெளி கூடக்கூடக் காந்த ஈர்ப்பு வேகமாகக் குறையும். நீங்களே வீட்டில் அளந்து பார்க்கலாம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்துக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவே ஏ4 தாளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஒரு தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். எத்தனையாவது தாளில் காந்தம் நழுவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் மொத்தக் கனம் பொதுவாக 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான், ஒரு தாள், அதிகம் போனால் ஒன்றரைத் தாள். எங்கள் காரில் இருந்த புட்டி முப்பது தாளுக்குக் குறையாது.

இதற்காகப் புட்டியை வில்லனாக்கிவிட வேண்டாம். சுத்தமான, உறுதியான தகரத்தில் சிறு நெளிவைச் சமப்படுத்த மெல்லிய பூச்சாக அதைத் தடவுவது முறையான வேலைதான். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் அப்புவதுதான் தவறு.

நடுவர் சொன்னதை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. புள்ளி போன வருத்தத்தில் இருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, புகைக்குழாயில் சத்தம் வருகிறது என்று அப்பா ஜாக் வைத்தார். பாயை விரித்து, அடியில் நுழையக் குனிந்தார். 'கறுக்' என்று ஒரு சத்தம். ஜாக்கின் தலை தகரப் பெட்டியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. கார் சரிந்து இறங்கியது. அப்பாவின் வலக்கை மட்டும் பாயின்மேல் இருந்தது, அதையும் இழுத்துக்கொண்டார். இன்னும் பத்து விநாடி போயிருந்தால் அவர் தலை உள்ளே இருந்திருக்கும்.

சாகா போன்ற கார்களுக்கு லோரிக்கு இருப்பதுபோல் தனி இரும்புச் சட்டம் கிடையாது. உடலே சட்டம். கதவுக்கு அடியில் ஓடும் அந்தத் தகரப் பெட்டிதான் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைத்து எடையைத் தாங்கும் உத்தரம். அதற்குள் ஓராண்டில் என்ன நடந்தது?

காற்றில்லாத இடம் ஏன் அரிக்கிறது?

மலாய்ப் பாடநூலில் 'பெங்காராத்தான் பெசி' என்று படித்திருப்பீர்கள். படிவம் 5 வேதியியலின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. துருப்பிடித்தல் ஒரே இடத்தில் நடக்கும் ஒரே வேலை அன்று. இரண்டு இடங்களில் நடக்கும் இரண்டு வேலைகள். அங்கேதான் என் மனக்கணக்கு சறுக்கியது.

முதல் வேலை ஆக்சிஜனேற்றம். இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து இரும்பு(2) அயனியாக நீரில் கரைகிறது. இந்த இடம் எதிர்முனைக்கு எலெக்ட்ரானைத் தரும் ஆனோடு. தகரம் உண்மையில் தேய்வது இங்கேதான். இரண்டாவது வேலை ஆக்சிஜனிறக்கம். அந்த எலெக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே வேறோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றைப் பெற்றுக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இது கேத்தோடு. இங்கே தகரம் தேய்வதில்லை. இரு அயனிகளும் நீரில் சந்தித்து, மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீர் சேர்ந்த இரும்பு(3) ஆக்சைடாகப் படிவதைத்தான் நாம் துரு என்கிறோம்.

இப்போது யோசியுங்கள். ஆக்சிஜன் தேவைப்படுவது கேத்தோடுக்கு. ஒரே தகரத்தில் ஓரிடத்தில் ஆக்சிஜன் அதிகமாகவும் வேறோரிடத்தில் குறைவாகவும் இருந்தால், அதிகம் உள்ள இடம் கேத்தோடு வேலையை எடுத்துக்கொள்ளும். குறைவாக உள்ள இடம் ஆனோடாகிவிடும். அதாவது, ஆக்சிஜன் குறைந்த இடம்தான் அரிக்கப்படும்! ஆக்சிஜன் வெளியே, அடி விழுவது உள்ளே. தண்டனை ஒருவருக்கு, குற்றம் இன்னொருவருக்கு என்பதுபோல.

1920களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ் இதை ஒரே ஒரு சொட்டு உப்புநீரை வைத்துக் காட்டினார். அதை நீங்களும் செய்யலாம். ஓர் இரும்புத் தகட்டை மணல்தாளால் பளிச்சென்று தேய்த்து, ஒரு பெரிய சொட்டு உப்புநீரை விடுங்கள். காய்ந்துவிடாமல் பக்கத்தில் ஈரத்துணி வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடுங்கள். சில மணி நேரத்தில் துரு வளையமாகத் தெரியும். பிறகு துடைத்துவிட்டுப் பாருங்கள். காற்றுக்கு அருகிலிருக்கும் ஓரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சொட்டின் நடுப்பகுதிதான் மங்கி அரிபட்டிருக்கும். ஓரத்தில் நீர்ப்படலம் மெல்லியது, ஆக்சிஜன் எளிதில் நுழையும். நடுவில் ஆழம் அதிகம், ஆக்சிஜன் வந்து சேர நேரமாகும்.

பள்ளி ஆய்வகத்தில் இதை இன்னும் அழகாக, நிறத்தோடு பார்க்கலாம். அகார் கரைசலில் சில துளி பொட்டாசியம் ஹெக்சாசயனோஃபெரேட்(3) கரைசலும் ஃபீனால்ஃப்தலீனும் கலந்து, அதில் ஆணியைப் படுக்கவைத்து உறையவிடுங்கள். இரும்பு(2) அயனி பிறக்கும் இடம் நீலமாகும். ஹைட்ராக்சைடு பிறக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். ஆணியின் கூர்முனையும் தலையும், அதாவது அடித்து வளைத்து உருவாக்கிய பகுதிகள், நீலமாகும், நடுப்பகுதி இளஞ்சிவப்பாகும். ஓர் ஆணியை மடக்கிப் போட்டால் மடங்கிய இடத்திலும் நீலம் தோன்றும். காரில் தகரத்தை மடித்து ஒட்டிய விளிம்புகளில் துரு ஏன் முந்திக்கொள்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் காருக்கு வருவோம். நான் வெளிப்பக்கத்தைத்தான் மூடினேன். பெட்டியின் உட்பக்கம் திறந்தே இருந்தது. சக்கரம் வாரியடித்த மழைநீர் அங்கே தேங்கியது. அடியில் நீர் வடிவதற்காக வைத்த சிறு துளைகளைத் தோட்டத்துச் செம்மண் எப்போதோ அடைத்துவிட்டது. புட்டியில் உள்ள டால்க் தூள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஆக, புட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே நிரந்தரமாக ஈரமான, காற்றோட்டம் குறைந்த ஓர் இடுக்கை நானே காசு கொடுத்து உண்டாக்கியிருந்தேன். பக்கத்துத் தகரம் முழுவதும் கேத்தோடு. புட்டியின் அடி ஆனோடு. அகன்ற கேத்தோடின் தேவை முழுவதையும் அந்தச் சிறு ஆனோடு ஈடுகட்ட வேண்டும் என்பதால் அங்கே அரிப்பு ஆழமாக இறங்கும். துரு தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் பிடிக்கும். அதனால் அது பெயிண்டைத் தூக்கி, புது இடுக்கு உண்டாக்கி, அதற்குள் நீரை அழைத்து மேலும் பரவுகிறது.

உப்பு இருந்தால் இன்னும் வேகம். அது இரும்பைத் தானாகத் தின்பதில்லை. நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டி, இரு முனைகளுக்கும் நடுவே அயனிகள் ஓடப் பாதை போட்டுக்கொடுக்கிறது. தஞ்சோங் டாவாய் கடற்கரைக்கு மீன் வாங்கப் போய் வந்தால் காரின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவச் சொல்வது அதனால்தான். அப்பா பூட்டில் ஏற்றிய கட்டிப்பாலும் சும்மா இருக்கவில்லை. அதிலிருந்து வடியும் நீர் அமிலத்தன்மை கொண்டது. உதிரிச் சக்கரம் வைக்கும் குழியை அது ஓட்டை போட்டிருந்தது.

ஒரு சங்கதி. பீடோங்கிலிருந்து சில கிலோமீட்டரில், பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். நாம் கடாரம் என்று பெருமையாகச் சொல்லும் மண் அது. இரும்புத் தாது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான். கரியின் வெப்பத்தைக் கொட்டி ஆக்சிஜனைப் பிரித்தால்தான் உலோகம் கிடைக்கும். துரு என்பது அந்த வேலையின் தலைகீழ்ப் பயணம். தோட்டத்துச் செம்மண்ணின் சிவப்பும் அதே ஆக்சைடு குடும்பம்தான். எங்கள் சாகா வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் என்றது ஐந்து வாரம்

பட்டறை அண்ணன் எதுவும் குத்திக்காட்டவில்லை. புட்டியை உடைத்தெடுத்தபோது ஐந்து சென் அளவு ஓட்டை முழங்கை நீளமாகியிருந்தது. முதல் வேலை, கெட்டதை முழுக்க வெட்டுவது. கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் தகரத்தையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, 'டங்' என்று ஒலிக்கும் வரை வெட்டினார். செத்த தகரம் 'டப்' என்றுதான் ஒலிக்கும். பிறகு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தகட்டை அதே வடிவத்தில் வளைத்து ஒட்டவைத்தார். ஒட்டுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினார்; இல்லாவிட்டால் மின்பாகங்கள் கருகிவிடலாம்.

ஒட்டிய இடத்துக்குத் துத்தநாகம் செறிந்த அடிப்பூச்சு. ஏன் துத்தநாகம்? மின்வேதியியல் வரிசையில் அது இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரானை இழக்கும். பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் ஆனோடாகி, இரும்பைக் கேத்தோடாக வைத்துக் காப்பாற்றும். அகார் சோதனையில் மக்னீசியம் நாடா சுற்றிய ஆணியில் நீலமே வராததும் இதே காரணத்தால்தான். செம்புக் கம்பி சுற்றிய ஆணியோ வழக்கத்தைவிட அதிக நீலமாகும். பழைய கார்களில் அழகுக்காகப் பித்தளைத் திருகாணி மாட்டும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மோரிஸ் மைனர் பம்பரில் மின்னும் குரோமியப் பூச்சும் அப்படித்தான். முழுதாக இருக்கும்வரை கவசம். அதில் ஊசித்துளை விழுந்தால், அடியிலுள்ள இரும்பு அந்தத் துளை வழியே ஆழமாக அரிபடும்.

வெட்ட முடியாத மூலைகளில் லேசான துரு இருந்தது. அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவினார். அது துருவைக் கரும்பழுப்பு நிற இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி இறுக்குகிறது. டானின் கலந்த வகையும் உண்டு. கெட்டித் தேயிலைச் சாற்றில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு ஒரு நாள் விட்டால் கறுத்துவிடும். அதுவும் இந்த வினைதான். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சதுப்புநிலக் கண்டல் மரப்பட்டையிலிருந்து எடுத்த டானினை இதற்காக ஆராய்ந்திருக்கிறார்கள். மெர்போக் ஆற்றோரம் நாம் பார்க்கும் 'பாக்காவ்' மரங்கள்தாம்.

கடைசியாகப் பெட்டியின் உட்புறம் முழுக்க மெழுகு பீய்ச்சினார். நீர்த்துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் மிக முக்கியமானது, ஒரு காசும் செலவில்லாதது, இந்தத் துளைதான். நீர் தங்காவிட்டால் மின்கலமே உருவாகாது.

அந்த ஆண்டுக் காட்சிக்கு எங்களால் போக முடியவில்லை.

பளபளப்பும் ரப்பரும்

காத்திருந்த வாரங்களில் பெயிண்டைக் கவனித்தோம். வெயிலில் கறுப்புக் காரைப் பார்த்திருப்பீர்கள். சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்திவலைபோல் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். எவர்சில்வர் தட்டிலும் தெரியும். கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை. எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் வாக்கில் அமைந்தவை மட்டும் பளிச்சிடுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்தால் கீறல் மறையும். ஆனால் அது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பெயிண்டைக் கீறலின் ஆழம்வரை சீவி எடுக்கிறது. முன்பு சொன்ன ஒன்றரைத் தாள் கனத்தில் எத்தனை முறை சீவலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். முதல் முறை தேய்த்தபோது துணி சிவப்பானதைக் கண்டு அப்பா பதறிவிட்டார். மேலே ஒளிபுகும் பூச்சு இல்லாத பழைய வகைப் பெயிண்டில் நிறமே துணியில் வரும். அதன்பிறகு அவர் தேய்க்க விடவில்லை, மெழுகு மட்டும்.

கதவோர ரப்பர் பட்டைகளில் வெடிப்பு இருந்தது. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறு நெடுகக் கார்பன் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் அவற்றைத் தேடி வெட்டும். இழுபட்டிருக்கும் ரப்பரில் அந்த வெட்டு பிளவாக விரியும், எப்போதும் இழுத்த திசைக்குக் குறுக்காக. ஒரு ரப்பர் வளையத்தைத் தடித்த புத்தகத்தில் இழுத்து மாட்டியும், இன்னொன்றைத் தளர்வாகப் பக்கத்தில் போட்டும் சன்னலோரம் சில வாரம் வைத்துப் பாருங்கள். டயரில் ஓசோனைத் தடுக்கும் பொருளையும் மெழுகையும் கலந்திருப்பார்கள். அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து டயரைப் பழுப்பாக்கும். காட்சிக்காக அதைச் சுரண்டிக் கழுவி, மினுமினுப்பு எண்ணெய் தடவுகிறோம். அழகுதான். ஆனால் சுரண்டியது டயரின் கவசத்தை. "நான் சீவின பாலுக்கு இவ்வளவு படிப்பு இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

போன ஆண்டு மறுபடியும் பட்டர்வொர்த் போனோம். அதே நடுவர் வரவில்லை. வந்தவர் காந்தம் எடுக்கவும் இல்லை. அப்பா விடவில்லை, கைவிளக்கைக் கொடுத்து, "அடியில பாருங்க" என்று குனியவைத்தார். ஒட்டிய இடத்தின் கோட்டை நாங்கள் தேய்த்து மறைக்கவில்லை. நடுவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புள்ளி போட்டார். அந்தப் பிரிவில் ஒரு மஞ்சள் டாட்சன் வென்றது; நியாயமான முடிவு, அருமையான கார். எங்களுக்குக் கோப்பை இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் சாத்தே வாங்கினால் குச்சிகளைத் தூக்கிப்போட அப்பா விடுவதில்லை. கழுவி, சன்னலில் ஒரு டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய், காருக்கு அடியில் நுழையாமல் வெளியிலிருந்தே கையை நீட்டி, கதவுக்கு இரண்டு, பெட்டிக்கு மூன்று என்று துளைகளைக் குத்திவிட்டு, நீர் சொட்டுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.